மீன் கூட்டில் பட்ட கால்

கவின் கண்ணு,

முதலில் ஒரு மன்னிப்பு. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் நிலையோடு நின்றுவிட்டாய். அப்படிப்பட்டவனுக்கு இத்தனை பக்கம் எழுதுவது நியாயமில்லை என்று எனக்கே தெரிகிறது. நேரில் சொல்லப் போனால் நீ "யா மா, யா மா" என்பாய், நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆங்கிலத்தில் எழுதலாம் என்று இரண்டு முறை தொடங்கினேன். அந்த மொழியில் 'ஸாரி' என்று ஒரு சொல்லைப் போட்டதும் எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு அது முடியக் கூடாது. நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஓடையைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் உன் முகம்தான் எதிரே வந்தது. ஊரே வாசிக்கப் போகிற கடிதம் என்றாலும், அச்சுக்குப் போவதற்கு முன்னால் உன் கையில்தான் தருவேன். கஷ்டமான இடங்களை வாய்விட்டு வாசி. காதில் விழுந்தால் உனக்குப் புரிந்துவிடும்.

அடுத்த வாரம் நீ வடக்கே போகிறாய், ஓரிகன் மாநில எல்லைப் பக்கம். ஒரு பெரிய ஆற்றில் சால்மன் மீன்கள் மறுபடி ஏறி வருவதற்கு வழி செய்கிற வேலை. "சிவில் இன்ஜினியரிங் படிச்சுட்டு மீன் எண்ணப் போறானுங்க" என்று அப்பா தன் நண்பர்களிடம் அலுத்துக்கொள்வது போலச் சொல்கிறார். அதே செய்தியை ஒரே நாளில் நான்கு பேரிடம் சொன்னதைக் கேட்டேன். அலுப்பு இருப்பவர் அப்படிச் சொல்ல மாட்டார். போன வாரம் சாப்பிடும்போது, அங்கே உனக்கு என்ன வேலை என்று அவர் கேட்டார். நீ சிரித்துக்கொண்டு, "பேசிக்கலி, டோர் டோரா நாக் பண்றதுதான் பா" என்றாய். ஆற்றங்கரையில் நிலம் வைத்திருக்கிறவர்கள், பண்ணைக்காரர்கள், தலைமுறை தலைமுறையாக அந்த மீனை நம்பி வாழ்கிற பழங்குடி மக்கள், எல்லாரிடமும் போய் அனுமதி கேட்டு, அவர்களைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்ய வேண்டுமாம். அதைக் கேட்டதும் நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் இந்தச் சின்ன ஓடையின் கரையில் ஒரு கதவு மூன்று வருஷம் மூடிக் கிடந்தது ஏன் என்று உனக்கு இன்னும் தெரியாது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. மூன்று வருஷமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. பதில் தெரிந்த கேள்விக்கும் கை தூக்கியதில்லை. என் இருபத்தோராவது வயதில் நீ பிறந்தாய். நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பையனுக்கு ஆங்கிலம் வரவில்லை, பேசவே மாட்டேன் என்கிறான், தனி வகுப்பில் போடுகிறோம் என்றார். வீட்டில் நீ காலை முதல் ராத்திரி வரை ஆங்கிலத்தில் டைனோசர் கதை சொல்கிறவன். வகுப்பில் வாயைத் திறக்காதது கூச்சத்தால், அதுவும் என்னிடமிருந்து வந்த கூச்சம். அது எனக்குத் தெரியும், அந்த டீச்சருக்குத் தெரியாது. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு வருஷம் நீ அந்தத் தனி வகுப்பில் 'ஏ ஃபார் ஆப்பிள்' படித்தாய். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது அடக்கம் என்று நான் வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓடைக்கு என்னை அழைத்துப் போனவன் நீதான். பத்தாம் வகுப்பில், பள்ளிக்கூடம் கேட்கிற வாலண்டியர் மணிக்கணக்குக்காகப் போகத் தொடங்கினாய், பிறகு கணக்கை மறந்துவிட்டுப் போனாய். சனிக்கிழமை காலைகளில் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட கூட்டம் ஒன்று கரையோரம் நடந்துகொண்டே மீன்களை எண்ணும். அதை நடத்துகிற டயானுக்கு எழுபது வயதுக்கு மேல், ரிட்டயரான லைப்ரரியன். அந்தக் கூட்டத்தில் தூண்டில் போடுகிறவர்கள் இருந்தார்கள், ஹைஸ்கூல் பிள்ளைகள் இருந்தார்கள், தண்ணீர் வாரியத்தின் அதிகாரி ஒருவர் இருந்தார், பிறகு பழனிச்சாமி அங்கிள் இருந்தார். நாமக்கல்காரர். ஊரில் ரோடு போட்ட இன்ஜினியர், ரிட்டயராகி இங்கே வந்து வீடு வாங்கியவர். அவர் வீட்டுப் பின்பக்க கேட் நேராக ஓடையில் திறக்கும். ஓடைக்குள் இறங்க அதைவிடச் சுலபமான வழி அந்தப் பகுதியில் இல்லை. சனிக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு குண்டா நிறைய வேக வைத்த நிலக்கடலையோடு நிற்பார். "மீன் எண்ணறவங்களுக்கு மொதல்ல வயிறு நெறையோணும்" என்பார். டயானுக்கு அந்தக் கடலையை உரிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

இப்போது நான் சொல்ல வேண்டியது. நீ பதினொன்றாம் வகுப்பு படித்தபோது, ஐப்பசி மாதக் கடைசி நாள். என் தோழி, மாயவரத்துக்காரி சுமதி போன் பண்ணினாள். "இன்னைக்குக் கடைமுழுக்குடி. எங்க ஊர்ல காவேரில கூட்டம் அலைமோதும். நாம இங்க பாத்ரூம்ல நிக்கிறோம். உன் வீட்டுப் பின்னாடிதான் ஆறு ஓடுதே, கால் நனைச்சா போதாதா?" எனக்கும் ஆசைதான். ஐந்து பேர் போனோம். மழை பெய்து தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஓடியது. ஓடை முழுக்கப் பாசி பிடித்த பழுப்புக் கல். ஒரே ஓர் இடத்தில் மட்டும், பழனிச்சாமி அங்கிள் கேட்டுக்கு எதிரே, யாரோ தேய்த்துக் கழுவி வைத்தது போல வெளுத்த கூழாங்கற்கள், ஒரு பாய் அளவுக்கு. "பாரு, எவ்ளோ சுத்தமா இருக்கு!" என்றாள் சுமதி. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து பேரும் அங்கேதான் நின்றோம். மூன்று முறை தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டோம். மஞ்சள் போட்டோம், சாமந்திப் பூ விட்டோம். கால் மணி நேரம் அந்தக் கற்களை மிதித்துக்கொண்டே ஊர்க்கதை பேசினோம்.

தாய் மீன் கடலிலிருந்து ஏறி வந்து, தன் வாலாலேயே அடித்து அடித்துப் பாசியைப் போக்கி, பள்ளம் பறித்து, முட்டையிட்டு, மறுபடி கல்லைத் தள்ளி மூடிவிட்டுச் செத்துப்போகும் என்று நீ எனக்கு முன்பே சொல்லியிருந்தாய். அந்தக் கூடு பார்க்க எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. உங்கள் ஆட்கள் கண்டுபிடித்த கூடுகளுக்கு மேலே கிளையில் கலர் ரிப்பன் கட்டியிருப்பார்கள். நாங்கள் மிதித்தது அந்த வாரம்தான் புதிதாகப் பறித்த கூடு, ரிப்பன் இல்லை. ஓடையிலேயே சுத்தமான இடத்தைத் தேடிப் போய் நின்றோம். தாய் மீனும் அப்படித் தேடித்தான் அங்கே வந்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை உனக்கு நினைவிருக்கும். கலைந்த கற்களைப் பார்த்துவிட்டு நீ தண்ணீரில் மண்டியிட்டாய். கற்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் நசுங்கிய முட்டைகள். பக்கத்தில் ஒரு சாமந்தி சிக்கிக் கிடந்தது. நீ எழுந்து நேராகப் பழனிச்சாமி அங்கிளிடம் போனாய். கையில் குண்டாவோடு நின்றவரிடம், இருபது பேர் முன்னால், ஆங்கிலத்தில் கத்தினாய். அது கூடு என்று உங்களுக்குத் தெரியாதா, உங்களை மாதிரி ஆட்களுக்கு எந்த ஆறும் சாக்கடைதானா என்று. "நான் எறங்கலைப்பா" என்றார் அவர். "தென் ஹூஸ் ஃப்ளவர் இஸ் திஸ்?" என்றாய். அவர் அந்தப் பூவைப் பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார். குண்டாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கேட்டுக்கு உள்பக்கத்திலிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. மறு வாரம் பூட்டும் தொங்கியது.

நான் அங்கேதான் நின்றிருந்தேன், பத்தடி தூரத்தில், டீ ஃப்ளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு. நீ கோபத்தில் அழுதுகொண்டிருந்தாய். அன்று மதியம் விஷயத்தைக் கேள்விப்பட்டுச் சுமதி போன் பண்ணினாள். "சொல்லிடலாமாடி? பாவம்டி அந்த மனுஷன்." நான்தான் "கொஞ்சம் ஆறட்டும்" என்றேன். ஆறட்டும் என்று சொல்லிவிட்டு அதை எடுக்கவே இல்லை. நீ மேடையேறி ஸ்காலர்ஷிப் வாங்கினாய், காலேஜுக்குப் போனாய். தெருவில் அங்கிளைக் கண்டால் நான் செல்போனைக் காதில் வைத்துக்கொள்வேன், யாரும் பேசாத போனை.

நீ இரண்டாம் வருஷம் படிக்கும்போது அந்த நல்ல செய்தி வந்தது. அங்கிள் வீட்டுக்குச் சற்று மேலே ஓடையின் குறுக்கே பழைய கான்கிரீட் தடுப்பு ஒன்று இருந்ததே, மீன்கள் துள்ளித் துள்ளி மோதிக் கீழேயே களைத்துச் சாகும் இடம். அதை எடுத்துவிட அனுமதி கிடைத்துவிட்டது. தண்ணீர் வாரியம், நகராட்சி, தூண்டில் சங்கம், பள்ளிக்கூடம் எல்லாம் கையெழுத்துப் போட்டாயிற்று. கரையில் வீடு உள்ளவர்களும் போட வேண்டும். நம் சங்கத்துக் குடும்பங்களே ஏழெட்டு இருந்தன, எல்லாரும் போட்டார்கள், ஒருவரைத் தவிர. தடுப்பின் ஒரு முனை அங்கிளின் நிலத்தில் இருந்தது. மண் வெட்டும் இயந்திரம் இறங்குவதற்கும் அவர் வீட்டுப் பக்கவாட்டைத் தவிர வேறு வழி இல்லை. ஓடைக்குள் இயந்திரத்தை வெயில் காலத்தில் மட்டும்தான் இறக்க விடுவார்கள். அந்தக் கோடை தவறினால் நிதி வேறொரு ஓடைக்குப் போய்விடும். டயான் மூன்று முறை போனார். "நோ தேங்க் யூ" என்று மட்டும் பதில். அவர் பிடிவாதக்காரர் என்று நீ வாட்ஸ்அப்பில் எழுதினாய். வயசானவங்க சேஞ்சுக்குப் பயப்படுவாங்க மா என்று ஒரு சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தாய். அதை நான் பல முறை பார்த்தேன்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து வரும் வழியில் அவர் வீட்டு மணியை அடித்தேன். அவரே திறந்தார். "வாங்க" என்றார், ஆனால் வழி விடவில்லை. நான் வாசலிலேயே நின்று சொன்னேன்.

"அண்ணா, அந்தப் பூ என்னுதுங்க. அன்னைக்கு எறங்கினது நாங்கதானுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னைக்கு?" என்றார், தெரியாதவர் போல.

"கவின் உங்களைச் சத்தம் போட்டானே, அதுக்கு முந்தின வாரம். கடைமுழுக்குன்னு வந்தோம். கூடுன்னு தெரியலைங்க. அன்னைக்கே சொல்லியிருக்கோணும். பயந்துட்டனுங்க."

"அட, மூணு வருசமா எம்பட கேட்டைப் பூட்டி வெச்சிருந்தது நீங்கதானாக்கும்!" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன், இல்லை. "எனக்கு அந்த மீனு மேல என்னம்மா கோவம்? ரோடு போட்ட காலத்துல எத்தனை வாய்க்கால அடைச்சிருக்கறேன். இங்க ஒண்ணாச்சும் தொறந்து விடலாம்னுதான் சனிக்கிழமை சனிக்கிழமை நின்னேன். ஒரு பொடியன் வந்து சாக்கடைங்கறான். அதுகூடப் போவுது, சின்னப் பையன். அத்தனை பேரு நின்னாங்களே, ஒருத்தராச்சும் 'அவரு அப்பிடிப்பட்டவரு இல்லை'ன்னு சொன்னாங்களா?"

"தப்புதானுங்க அண்ணா."

"எங்கிட்டச் சொன்னீங்க, சரி. ஆனா அன்னைக்கு நடந்தது அத்தனை பேரு முன்னாடி. அவங்க முன்னாடி சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடறேன்." கதவைச் சாத்தப் போனவர் நின்று, "பேசுவீங்களா? நீங்க பேசி நான் பார்த்ததே இல்லையே" என்றார்.

சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதி, திருத்தி, மனப்பாடம் பண்ணினேன். இடைவேளையில், நான் வேலை பார்க்கும் ஸ்கூலின் ஸ்டோர் ரூமில் நின்று காகித ரோல்களிடம் சொல்லிப் பார்த்தேன். அன்று காலை முப்பது பேர் பாலத்தடியில் கூடியிருந்தார்கள். அங்கிளும் வந்து ஒரு ஓரமாகக் கை கட்டி நின்றார். எழுதி வந்த தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன். என் இலக்கணம் எங்கெங்கோ போயிற்று. கூட்டை மிதித்தது நான், தவறான ஆள் பழி சுமந்தார், என் மகன் கத்தியபோது அங்கே உண்மை தெரிந்த ஒரே ஆள் நான், வாயை மூடிக்கொண்டு நின்றேன், இந்த நான்கையும் சொல்லிவிட்டேன். பின்னாலிருந்து சுமதி, "நாட் ஒன்லி ஹர், வீ ஃபைவ்!" என்று கத்தினாள். பிறகு டயான் தன் கையை மேலே தூக்கினார். முதல் வருஷம் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தானும் ஒரு கூட்டின் நடுவில் நின்று மீனைத் தேடியதாகச் சொன்னார். தூண்டில்காரர் ஒருவர் கை தூக்கினார். தண்ணீர் வாரியத்து அதிகாரியும் கடைசியில் முகம் சிவந்து கை தூக்கினார். அத்தனை பேரும் சிரித்தோம். அதன் பிறகு டயான் அங்கிள் முன்னால் போய் நின்று, அன்று நானும் உங்களுக்காகப் பேசவில்லை, தவறு என்றார். அங்கிள் தலையை அசைத்துவிட்டு, கையெழுத்துப் போட டயான் கையிலிருந்த பேனாவை வாங்கினார்.

கண்ணு, அந்தக் கோடையில் தடுப்பை உடைத்ததை நீ வந்து பார்த்தாய். மஞ்சள் இயந்திரம் அங்கிள் வீட்டு எலுமிச்சை மரத்தை உரசிக்கொண்டு இறங்கியது, அவர் "ரைட், ரைட், லெஃப்ட் ஒடிங்க" என்று டிரைவருக்கு நாமக்கல் பாஷையில் வழி காட்டினார். கான்கிரீட் பிளந்து விழுந்தபோது குழந்தைகள் கை தட்டினார்கள். கரையில் வைத்த பலகையில் ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனத்தோடு தமிழும் வர வேண்டும் என்று கேட்டதும் அங்கிள்தான். அதை என்னை எழுதச் சொன்னார்கள். 'வெளுத்த கற்கள் மீனின் கூடு. கரையில் நின்றே கும்பிடுங்கள்' என்று எழுதினேன். இப்போது கடைமுழுக்கன்று நாங்கள் குடத்தில் குழாய்த் தண்ணீர் கொண்டுபோய்க் கரையிலேயே ஊற்றிக்கொள்கிறோம். போன வருஷம் முப்பது பேர் வந்தார்கள். தெலுங்குக்காரர்கள்கூட வந்தார்கள். யாராவது தண்ணீருக்குள் கால் வைக்கப் போனால் சுமதி போடுகிற சத்தத்தில் மீனே ஓடிவிடும்.

அந்த நவம்பரில் முதல் பெருமழை பெய்த மறுநாள், நான் ஸ்கூலில் பிள்ளைகளுக்கு ஸ்நாக்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கிள் போன். "ஏனுங், வந்துருச்சுங்! தடுப்பு இருந்த எடத்தத் தாண்டி ரெண்டு நிக்குது! ஓடியாங்க, ஓடியாங்க!" பெர்மிஷன் போட்டுவிட்டு ஓடினேன். அவர் லுங்கிக்கு மேல் ரெயின்கோட் போட்டுக்கொண்டு கரையில் குதித்துக்கொண்டிருந்தார். தண்ணீரில், முன்பு கான்கிரீட் நின்ற இடத்துக்கு மேலே, என் கை நீளத்துக்கு ஒரு தாய் மீன். முதுகெல்லாம் அடிபட்டு, வால் நுனி வெள்ளையாகத் தேய்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து கற்களை அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் கலங்கல் மேலே எழும்பி ஓடியது. இன்னொன்று காவலுக்கு நிற்பதுபோல் பின்னால் நின்றது. இத்தனை வருஷமாக எந்த மீனும் எட்டாத இடம் அது. டயான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தூண்டில்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். நான் சத்தம் போட்டுக் கத்தினேன் என்று சுமதி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை, நம்புகிறேன். அதற்கடுத்த குளிர்காலத்திலும் வந்தன, இன்னும் மேலே போயின. இதில் எனக்கும் பங்கு உண்டு என்று கூசாமல் எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் நீ காலேஜிலிருந்து காரில் பறந்து வந்தாய். அங்கிள் உன்னைப் பார்த்ததும் ஒதுங்கி, நன்றாகத் தெரிகிற இடத்தை உனக்கு விட்டார். இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று பார்த்தீர்கள். "அமேஸிங், ரைட்?" என்றாய். "ம்" என்றார். திரும்பி வரும்போது காரில், "ஃபைனலி அவருக்குப் புரிஞ்சிருச்சு மா" என்றாய். டயானிடமும் மற்றவர்களிடமும், என் மகனிடம் நானே சொல்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம் என்று கேட்டு வைத்திருந்தேன். அவர்கள் வாக்கைக் காப்பாற்றினார்கள். அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். முப்பது பேர் முன்னால் பேசியவள், பக்கத்து சீட்டில் இருந்த பிள்ளையிடம் பேசவில்லை. உன் சந்தோஷத்தைக் கலைக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், நீ என்னை எப்படிப் பார்ப்பாயோ என்ற பயம்தான். இன்றைக்கு அது தீர்ந்தது. நீ எப்படிப் பார்த்தாலும் பார்.

உனக்கு வேலை சொல்லித்தர எனக்குத் தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன். ஓடையைக் காப்பாற்ற உன் கோபமும் வேண்டியிருந்தது. நீ முட்டிவரை நனைந்து மீன் எண்ணாமல் இருந்தால் நான் கரைக்கே வந்திருக்க மாட்டேன். ஆனால் சரியான காரியத்துக்காகக் கத்துகிறவன் தப்பான ஆளிடமும் கத்திவிடுவான், சரியான காரியம் என்பதால் திரும்பிப் பார்க்கவும் மாட்டான். யாராவது ஒரு கதவை உன் முகத்தில் சாத்தினால், இவருக்குப் புரியவில்லை என்று எழுதி வைத்துக்கொள்ளாதே. இவருக்கு என்ன நடந்தது என்று கேள். அதைத் தெரிந்தவர் பெரும்பாலும் பக்கத்திலேயே ஏதாவது ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாய் பேசாமல் நின்றுகொண்டிருப்பார். அவரையும் கேள்.

இத்தனை நேரம் தள்ளிப்போட்ட ஒன்றை இப்போது கேட்கிறேன். நீ கிளம்புவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மிச்சம் இருக்கிறது. பழனிச்சாமி அங்கிளிடம் போ. மெசேஜ் அனுப்பாதே, என்னையும் கூப்பிடாதே. என் பங்கை நான் சொல்லிவிட்டேன், உன் பங்கு உன்னிடம்தான் இருக்கிறது. உன் தப்புக்கு என் மௌனம் ஒரு காரணம், ஆனால் அந்த வார்த்தைகள் உன்னுடையவை. அவர் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டார். தமிழிலேயே மன்னிப்புக் கேள், தப்பாக வந்தாலும் பரவாயில்லை. அங்கே வடக்கே எத்தனையோ பேர் வாசலில் நீ போய் நிற்கப் போகிறாய். முதலில் அவர் வாசலில் நில், சாமி.

அம்மா